படங்கு ஒட்டும் மெஷினும் சுட்ட மணிக்கட்டும்: அம்பாறைக் கரையோரப் பட்டறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

அம்பாறைக் கரையோரத்தில், கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் உள்ள ஓர் ஊரில் நடந்தது இது. ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் விட்டுவிட்டேன். சம்பந்தப்பட்டவர்கள் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன். இதே வகை மெஷின் வேறு பட்டறைகளிலும் ஓடுகிறது, அதன் முன்னால் நிற்கிறவர்களுக்கு இது போய்ச் சேர வேண்டும்.

பட்டறை ஒரு வீட்டோடு ஒட்டியது. முன்னால் தகரக் கொட்டகை, பின்னால் முதலாளியின் குடும்பம், இரண்டுக்கும் நடுவில் ஒரு கல் சுவர். நெல் காயப்போடும் படங்கு, லொறிக் கூடாரம், லேண்ட்மாஸ்டர் பெட்டிக்கு மூடி, ஆட்டோவுக்கு மழை மறைப்பு, மீன் வளர்க்கிறவர்கள் கேட்கும் வட்டத் தொட்டி உறை, எல்லாம் பி.வி.சி. பூசிய துணியில் செய்கிறார்கள். பெரும்போக அறுவடைக்கு முன் வரும் வாரங்களில்தான் ஓடர் குவியும். வருடத்தின் பாதி வருமானம் அந்த நாட்களில் வருகிறது என்று முதலாளி சொன்னார், அங்கே அடுக்கியிருந்த சுருள்களைப் பார்த்தால் அதை நம்பலாம்.

இந்தத் துணியைத் தைத்தால் ஊசித் துளையால் தண்ணீர் இறங்கும். அதனால் விளிம்போடு விளிம்பை வைத்து உருக்கி ஒட்டுகிறார்கள். அதற்குத்தான் ஹை ஃப்ரீக்வென்சி வெல்டிங் மெஷின். மேலே ஒரு பித்தளைத் தகடு, கீழே இரும்பு மேசை. இரண்டுக்கும் நடுவில் துணியை வைத்துப் பெடலை மிதித்தால் தகடு இறங்கி அழுத்தும், பிறகு பட்டனைத் தட்டினால் சில நொடிகளில் இரண்டு துணியும் ஒன்றாகிவிடும். தகட்டில் சூடே இருக்காது. வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் போய்வருகிறது. இந்த மெஷின் அதை நொடிக்கு 2 கோடியே 71 லட்சத்து 20 ஆயிரம் தடவை அப்படிப் போய்வர வைக்கிறது, அதாவது 27.12 மெகாஹெர்ட்ஸ். பி.வி.சி.யின் மூலக்கூறுகளுக்கு ஒரு முனை நேர்மின்னாகவும் மறுமுனை மறைமின்னாகவும் இருப்பதால் அவை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கப் பார்த்து உள்ளேயே சூடாகி உருகும். சாதாரண பொலித்தீனுக்கு அந்தக் குணம் இல்லை, அது இந்த மெஷினில் ஒட்டாது.

துணியில் இறங்க வேண்டிய சக்தியில் ஒரு பங்கு வெளியே கசிகிறது. மனித உடம்பில் தண்ணீரும் உப்பும் நிறைய இருப்பதால் அதுவும் அந்தச் சக்தியை உறிஞ்சிச் சூடாகும். இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு அமைப்புகள் இரண்டு சேர்ந்து 1979 டிசம்பரிலேயே இந்த மெஷின்களைப் பற்றித் தனியாக ஓர் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டன. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1998இல் இதற்கென்றே ஒரு கைநூல் கொண்டுவந்தது. அதெல்லாம் நம் பக்கத்துப் பட்டறைகளுக்கு வந்து சேரவே இல்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

இந்த மெஷின் 5 கிலோவாட் வகை. கொழும்புப் பக்கம் ஒரு தொழிற்சாலை மூடும்போது பழைய விலைக்கு எடுத்தது. கையேடு வரவில்லை. தகட்டைச் சுற்றி முன்பக்கம் ஓர் உலோக மறைப்பு இருந்திருக்க வேண்டும், அதை மாட்டிய துளைகள் மட்டும் உடம்பில் இருந்தன. பெரிய படங்கை உள்ளே தள்ள இடைஞ்சலாக இருந்ததால் முன்னைய ஆட்களே கழற்றியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

முதல் முறைப்பாடுகள்

மெஷினில் நின்றவர் நாற்பது கடந்த ஓர் அக்கா. கை வேலையில் அவரைப் போல அந்தப் பட்டறையில் யாரும் இல்லை. சீசன் தொடங்கிச் சில நாட்களில் அவருக்கு மணிக்கட்டு சுட ஆரம்பித்தது. "வெளியால தொட்டா ஒண்டும் இல்ல சேர், உள்ளுக்கதான் சுடுது" என்றார். பட்டனைத் தட்டும்போது சுடும், விட்டால் கொஞ்சத்தில் தணியும். கையில் போட்டிருந்த காப்பும் சூடாகியதால் அதைக் கழற்றி முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். இரவில் விரல் நுனிகள் விறைத்து, காலையில் சட்டைப் பொத்தான் போட முடியாத அளவுக்கு மரத்துப் போயிருந்தன.

அவருக்குப் பக்கத்தில் படங்கின் மறுமுனையைப் பிடித்து நிற்கும் இளைஞனின் சுட்டுவிரல் நுனியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. மெஷின் ஓடும்போது மேசையின் இரும்பு விளிம்பில் விரல் பட்டிருக்கிறது. சுருக்கென்று குத்தியது, பெரிதாக வலிக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டான். ரேடியோ அதிர்வெண் சுட்ட காயம் இப்படித்தான் இருக்கும். மேலே சின்னதாகத் தெரியும், உள்ளே ஆழமாகப் போயிருக்கும், ஆறவும் நாளெடுக்கும். அவனுக்கும் அப்படித்தான் ஆனது.

மூன்றாவது ஆள் கர்ப்பமாக இருந்த ஒரு தங்கச்சி. அவருக்கு எந்த உபாதையும் இல்லை. ஆனால் பயம் மிகவும் அவருக்குத்தான். யாரோ வாட்ஸப்பில் அனுப்பிய ஒரு குரல் பதிவில், இந்த மெஷினில் அணுக்கதிர் வருகிறது, பிறக்கிற பிள்ளை ஊனமாகும் என்று சொல்லியிருந்தது. அதைக் கேட்டு அழுதுவிட்டு, வீட்டிலும் சொல்ல முடியாமல், வேலையையும் விட முடியாமல் இருந்தார். துண்டுக் கணக்குக்குச் சம்பளம், வராத நாளுக்குக் காசு இல்லை.

ஊரில் வேறு ஒரு கதையும் ஓடியது. பட்டறைக்குக் கொஞ்சத் தூரத்தில் ஒரு ஃபோன் டவர் இருக்கிறது, எல்லாம் அதனால்தான் என்று சிலர் கையொப்பம் வாங்கத் தொடங்கியிருந்தார்கள். முதலாளிக்கும் அந்தக் கதையே வசதியாக இருந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, தெரியாத விஷயத்தில் எவரும் கண்ணுக்குத் தெரிகிற பெரிய பொருளைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள்.

அந்த அக்காவின் உறவுக்காரப் பையன் ஒருவன் தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிறான். அவன்தான் விடாமல் நின்று, தொழிலிடப் பாதுகாப்பு வேலை பார்க்கும் என்னைக் கூப்பிட்டுவிட்டான்.

அளப்பதற்கு முன் பார்த்தது

முதலில் மெஷினைத் தொடவில்லை, ஓரமாக நின்று அவர்கள் வேலை செய்வதைத்தான் பார்த்தேன். அக்கா மேசை விளிம்பில் வயிறு முட்ட நிற்கிறார். இரண்டு கையாலும் துணியைத் தகட்டுக்கு ஒரு சாண் தூரம் வரை அழுத்திப் பிடிக்கிறார், இல்லாவிட்டால் மடிப்பு நகரும். பட்டன் வலது கைப்பக்கம் மெஷினிலேயே இருக்கிறது, ஆகவே விலகி நிற்க வழியே இல்லை. 6 நொடி ஒட்டும், பிறகு துணியை இழுத்து அடுத்த இடத்தை வைக்க இருபது நொடிக்கு மேல் ஆகும். மொத்தம் அரை நிமிடத்துக்கு ஒரு தடவை. அது சாதாரண வேகம். சீசனில், அதுவும் சின்ன மூடிகள் ஓடும்போது, கால் நிமிடத்துக்கு ஒரு தடவையாகிவிடும்.

தரை சீமெந்து. மழைக்காலம், கொட்டகை ஓரத்தால் தண்ணீர் ஊறி ஈரமாகக் கிடந்தது. உட்காருவதற்கு இரும்பு ஸ்டூல். மெஷினின் பின்பக்கத் தகட்டில் பாதி ஸ்குரூ இல்லை, சூடாகிறது என்று அதைத் திறந்தே வைத்து ஒரு பேடஸ்டல் ஃபேனைக் காட்டி விட்டிருந்தார்கள்.

அந்தப் பையன் ஒரு வேலை செய்தான். கழற்றி வைத்திருந்த பழைய டியூப் லைட் ஒன்றை, வயர் எதுவும் இல்லாமல், அக்கா நிற்கும் இடத்தில் நெஞ்சு உயரத்துக்குப் பிடித்தான். பட்டனைத் தட்டியதும் டியூப் எரிந்தது. கொட்டகையில் இருந்த எல்லோரும் வேலையை விட்டு வந்து பார்த்தார்கள். முதலாளி கொஞ்ச நேரம் பேசவில்லை. அதன் பிறகு டவர் பற்றி அவர் கதைக்கவே இல்லை.

டியூப் எரிவது பலமான புலம் இருக்கிறது என்பதற்கு அடையாளம். எரியாவிட்டால் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, வரம்புக்கு மேலே இருக்கும்போதும் அது எரியாமல் இருக்கலாம். அதனால் அளந்தே ஆக வேண்டும்.

அளந்தது

முதலாளி ஏற்கெனவே இணையத்தில் ஒரு மலிவு மீற்றர் வாங்கி வைத்திருந்தார். அதைப் பிடித்துப் பார்த்து "ஒண்டும் காட்டல்லியே" என்று நிம்மதியாக இருந்திருக்கிறார். அது வீட்டு வயரின் 50 ஹெர்ட்ஸையும், ஃபோன் அலைகளையும் பார்க்கச் செய்தது. இடையில் இருக்கும் 27 மெகாஹெர்ட்ஸ் அதன் கண்ணுக்கே படாது. இந்த வேலைக்கு மீற்றர் எடுக்கும்போது எந்த அதிர்வெண்ணிலிருந்து எதுவரை என்று முதலில் கேட்க வேண்டும்.

கொழும்பில் தொலைத்தொடர்பு வேலை செய்யும் நண்பர் ஒருவர், மின்புலத்துக்கு ஒன்றும் காந்தப்புலத்துக்கு ஒன்றுமாக இரண்டு புரோப் (அளக்கும் முனை) உள்ள மீற்றரையும், கணுக்காலைச் சுற்றிப் பூட்டி உடம்பால் இறங்கும் மின்னோட்டத்தைப் பார்க்கும் கருவியையும் கொண்டுவந்து உதவினார். இரண்டு புரோப் ஏன் என்றால், 27.12 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் ஏறக்குறைய 11 மீற்றர். நாம் நிற்பதோ தகட்டுக்கு ஒன்றரை அடியில். அவ்வளவு கிட்டத்தில் மின்புலமும் காந்தப்புலமும் ஒன்றோடொன்று கட்டுப்பட்டு நடக்காது, ஒன்றை அளந்து மற்றதைக் கணக்குப் போட முடியாது.

வரம்பு எது? அயனாக்காத கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம் 1998இல் சொன்னபடி, இந்த அதிர்வெண்ணில் வேலையாட்களுக்கு மின்புலம் மீற்றருக்கு 61 வோல்ட், காந்தப்புலம் மீற்றருக்கு 0.16 அம்பியர், 6 நிமிடச் சராசரியாக. 2020இல் அவர்கள் திருத்திய சூத்திரப்படி 27.12க்கு மின்புலம் 65 அளவில் வரும், சராசரி எடுக்கும் நேரம் 30 நிமிடம். கை கால் வழியாக ஓடும் மின்னோட்டத்துக்கு 100 மில்லிஅம்பியர். மின்புலத்தில் இறுக்கமான 61ஐயே வைத்துக்கொண்டேன்.

மெஷின் நிறுத்தியிருக்கும்போது, டவர் உட்பட சுற்றிலும் இருந்து வருவது எல்லாம் சேர்த்து மீற்றருக்கு ஒரு வோல்ட் கூட இல்லை. மெஷின் ஓடும்போது அக்காவின் நெஞ்சு உயரத்தில் 300. இது ஒட்டும் 6 நொடிக்கு மட்டும். உடம்பில் ஏறும் சூடு புலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே சராசரியையும் வர்க்கத்தில்தான் எடுக்க வேண்டும். 30 நொடிக்கு 6 நொடி என்றால் ஐந்தில் ஒரு பங்கு, அதன் வர்க்கமூலத்தால் 300ஐப் பெருக்கினால் 134 வரும். சீசன் வேகத்தில் 15 நொடிக்கு 6 நொடி, அப்போது 190. வரம்பைப் போல மூன்று மடங்கு என்று பார்த்தால் ஏதோ போகட்டும் என்று தோன்றலாம். சூட்டுக் கணக்கில் அது ஒன்பது மடங்குக்கு மேல். உபாதை ஏன் சீசனில் மட்டும் வந்தது என்பது இங்கேதான் விளங்கியது.

கணுக்காலில் ஒட்டும் நேரத்தில் 250 மில்லிஅம்பியர். சாதாரண வேகத்தில் சராசரி 112, சீசனில் 158. "செருப்புப் போட்டுத்தானே நிக்கிறம்" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. வீட்டு மின்சாரத்தை ரப்பர் செருப்பு தடுக்கும், ஆனால் இந்த அதிர்வெண்ணுக்கு அந்த மெல்லிய அடி ஒரு கப்பாசிற்றர் போலாகி மின்னோட்டத்தை விட்டுவிடும். ஈரத் தரையோடு இப்படிச் சேர்ந்து நிற்கும் ஆள் 35, 40 மெகாஹெர்ட்ஸ் அளவில்தான் சக்தியை மிக அதிகமாக உறிஞ்சுவார், 27 அதற்குக் கிட்டத்தான் இருக்கிறது. தரையிலிருந்து பிரித்து நிறுத்தினால் அந்த உச்சம் 70 அளவுக்குப் போய்விடும்.

பக்கவாட்டில் நின்ற இளைஞனின் இடத்தில் ஓர் ஆச்சரியம். மின்புலம் 110தான், சாதாரண வேகத்தில் சராசரி 49, பரவாயில்லை. காந்தப்புலமோ 0.5 அம்பியர், சராசரி 0.22, வரம்புக்கு மேலே. ஒரே புரோப்போடு வந்திருந்தால் அவனைப் பத்திரமான இடத்தில் நிற்கிறான் என்று எழுதிவிட்டுப் போயிருப்போம்.

சுவருக்குப் பின்னால் முதலாளியின் பிள்ளைகள் படுக்கும் அறை. பொதுமக்களுக்கான வரம்பு 28 வோல்ட். கட்டில் இருந்த இடத்தில் சீசன் வேகத்துக்குச் சராசரி 20க்குச் சற்று மேல். வரம்புக்குள் இருந்தாலும் அன்றைக்கே கட்டிலை எதிர்ச் சுவருக்கு மாற்றினார்கள், நான் சொல்ல வேண்டியே இருக்கவில்லை.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

அன்று மாலை எல்லோரையும் வைத்துக்கொண்டு கதைத்தோம். முதலில் பயத்தைப் பற்றி. இது அணுக்கதிரோ எக்ஸ்ரேயோ இல்லை. 27 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு ஓர் அணுவிலிருந்து எலக்ட்ரானைக் கிளப்பும் சக்தி கிட்டவும் கிடையாது, கோடிக்கணக்கான மடங்கு குறைவு. இதன் நிச்சயமான தீங்கு சூடும் சுடுகாயமும். புற்றுநோய் பற்றிக் கேட்டார்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2011இல் ரேடியோ அதிர்வெண் புலங்களை "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற 2பி பிரிவில் வைத்தது, அதற்கு அடிப்படையாகக் கொண்டது பெரும்பாலும் கைத்தொலைபேசி ஆய்வுகளை, சான்று மட்டுப்பட்டது என்றும் அவர்களே சொன்னார்கள். அதை மறைக்காமல் சொன்னேன். மறைத்தால் வாட்ஸப் குரல்தான் ஜெயிக்கும்.

அந்தத் தங்கச்சியை மெஷின் பக்கத்திலிருந்து உடனே எடுப்பது என்று முடிவு. கர்ப்பமாக இருக்கும் வேலையாளுக்குப் பொதுமக்களுக்கான வரம்பையே பார்க்க வேண்டும் என்று 2020 வழிகாட்டலே சொல்கிறது, சிசுவுக்கு வேலையாளின் வரம்பைப் போட முடியாது. ஆனால் எடுத்தால் அவருடைய காசு? துணி வெட்டுவதும் வளையம் அடிப்பதும் துண்டுக் கணக்கில் குறைந்த கூலி. இதில்தான் கதை இழுபட்டது. முதலாளி, "எல்லாருக்கும் ஒரு கணக்கு, இவவுக்கு வேற கணக்கா?" என்றார். அதற்கு அக்கா குறுக்கே வந்து, முதலாளியை அண்ணன் முறையில் கூப்பிட்டு, "நானா, மெஷின் ஒங்கட. அவ ஏன் காசு இழக்கணும்?" என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. முந்தின மூன்று மாதச் சராசரியை எடுத்து அதையே கொடுப்பதாக முடிவானது.

மெஷினை நிறுத்துவதா? முழுக்க நிறுத்தச் சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்தால் மூடிய கதவுக்குப் பின்னால் இரவில் ஓடும் என்பது எனக்கு நிச்சயம், ஏனென்றால் ஓடருக்கு முற்பணம் வாங்கியாகிவிட்டது. அதனால் மறைப்புச் செய்து முடியும் வரை சின்ன மூடிகளை நிறுத்திப் பெரிய படங்கு மட்டும், அரை நிமிடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் இல்லை, பட்டனை நீள வயரில் இழுத்து ஐந்து அடி பின்னால் வைத்து, துணியைக் கைக்குப் பதிலாக மரக் கட்டையால் அழுத்திப் பிடிப்பது என்று ஏற்பாடு. ஐந்து அடி பின்னால் சராசரி வரம்புக்குள் வந்ததை அளந்து பார்த்த பிறகே இதற்குச் சம்மதித்தேன். பக்கத்து ஆளும் பட்டன் தட்டும்போது அதே கோட்டுக்குப் பின்னால் போக வேண்டும் என்று தரையில் சிவப்புப் பெயின்ட் அடித்தோம்.

யாரோ ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர்கள் போடும் ஈய ஏப்ரன் கிடைக்குமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். ஆளுக்கு மேலே எதையாவது போர்த்துவது கடைசி வழி. கசிவது மெஷினிலிருந்து, அடைக்க வேண்டியதும் அங்கேதான்.

செய்த வேலை

மறைப்பை உள்ளூர் லேத் பட்டறையில் செய்தார்கள். அலுமினியத் தகட்டில் ஒரு பெட்டி, மேல் தகட்டோடு சேர்ந்து இறங்கி மேசையில் உட்காரும்படி. துணி நுழைய முன்னும் பின்னும் ஒரு நீளமான வாய். அந்த வாயின் உயரம் துணி தடையில்லாமல் நுழையும் அளவுக்கு இருக்க வேண்டும், அதற்கு மேல் விடவும் கூடாது என்று வரைந்தே கொடுத்தேன், ஏனென்றால் முன்னைய மறைப்பைக் கழற்றியதற்கே துணி நுழையாததுதான் காரணமாக இருந்திருக்கும். வேலை செய்கிறவருக்கு இடைஞ்சலான மறைப்பு ஒரு மாதத்தில் மூலைக்குப் போய்விடும். அக்காவை லேத் பட்டறைக்கே கூட்டிப்போய், காகித அட்டையில் மாதிரி செய்து, அவர் கை எங்கே போகிறது என்று பார்த்து இரண்டு இடத்தில் மாற்றினார்கள்.

பெட்டியைப் பூட்டியதும் மின்வினைஞர் வழக்கம்போல ஒரு பச்சை எர்த் வயரை அதில் கட்டி, சுவரோரமாகக் கொண்டுபோய் எர்த் கம்பியில் சேர்த்தார். எர்த் மீற்றர் நல்ல வாசிப்புக் காட்டியது. மெஷினை ஓட்டினால் பக்கவாட்டில் புலம் முன்பைவிடக் கூடியிருந்தது! அவர் செய்தது வீட்டு வயரிங்கில் முழுக்கச் சரி. ஆனால் ஒரு மீற்றர் வயருக்கு ஏறக்குறைய 1 மைக்ரோஹென்றி தூண்டல், அதாவது வேகமாக மாறும் மின்னோட்டத்தைத் தடுக்கும் குணம், இருக்கும். 50 ஹெர்ட்ஸில் அது ஒன்றுமே இல்லை, 27.12 மெகாஹெர்ட்ஸிலோ 170 ஓம் தடை. நீளமான வயரில் கட்டிய பெட்டி எர்த் ஆகாது, அதுவே ஒரு ஆன்டெனாவாகிவிடும்.

வயரைக் கழற்றிவிட்டு, மூன்று அங்குல அகலச் செப்புத் தகட்டுப் பட்டைகளை வெட்டி, பெட்டியின் நான்கு மூலையையும் மெஷினின் உடம்போடு நேராகச் சேர்த்தோம், ஒவ்வொன்றும் ஒரு சாணுக்குக் குறைவு. பட்டை படும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி உலோகம் மின்ன வைத்தார்கள். பெட்டி மேசையில் உட்காரும் விளிம்பில் மெல்லிய பித்தளைச் சுருள் நாக்குகள், அழுத்தும்போது மேசையோடு ஒட்டிப் பிடிக்க. கசியும் மின்னோட்டம் உடம்பைச் சுற்றித் தரைக்குப் போகாமல், குறுக்கு வழியாக மெஷினுக்கே திரும்ப வேண்டும், வேலையின் சாரம் அவ்வளவுதான். பச்சை எர்த் வயரை மெஷின் உடம்பில் தனியாக விட்டுவைத்தோம், 230 வோல்ட் அதிர்ச்சிக்கு அது கட்டாயம் வேண்டும்.

அப்புறம் நிற்பதற்கு மரப் பலகை மேடை. அரை அடி உயரம், கால்கள் மட்டும் தரையில் பட, நடுவில் காற்று. இரும்பு ஆணி மேலே தெரியாமல் மரமுளையால் பூட்டியது. மெல்லிய ரப்பர் பாய் போதாதா என்று முதலாளி கேட்டார், செருப்புக்குச் சொன்ன பதில்தான் அதற்கும். இரும்பு ஸ்டூல் போய் மர ஸ்டூல் வந்தது. பின்பக்கத் தகட்டுக்கு எல்லா ஸ்குரூவும் போட்டு, அடைத்துக் கிடந்த உள் ஃபேனைச் சுத்தம் செய்ததில் சூடு பிரச்சினையும் போனது. பெட்டி கீழே இறங்காமல் சக்தி வராதபடி ஒரு லிமிட் சுவிட்ச், அது இருநூறு முன்னூறு ரூபாய்ச் சாமான் அல்ல என்றாலும், எல்லாச் செலவும் சேர்ந்து ஒரு நல்ல லொறிக் கூடாரத்தின் விலைக்குள் அடங்கிவிட்டது.

அதன் பிறகு

அக்காவின் இடத்தில் மின்புலம் 300இலிருந்து 90க்கு வந்தது. சாதாரண வேகத்தில் சராசரி 40, சீசன் வேகத்தில் 57. வரம்பு 61. அந்த 57 எனக்குத் திருப்தி இல்லை, வரம்பை உரசிக்கொண்டு நிற்கிறது, ஒரு பட்டை தளர்ந்தால் தாண்டிவிடும். அதனால் தூரத்துப் பட்டனைக் கழற்ற விடவில்லை. மரக் கட்டையும் அப்படியே இருக்கிறது. கணுக்கால் மின்னோட்டம் 110, சீசன் வேகத்துச் சராசரி 70. பக்கத்து இடத்தில் காந்தப்புலம் 0.5இலிருந்து 0.15. டியூப் லைட்டை மறுபடி பிடித்தார்கள், எரியவில்லை. அது அளவு ஆகாது என்று திரும்பவும் சொன்னேன், ஆனாலும் அவர்கள் முகத்தில் வந்த தெளிவை நான் கெடுக்கவில்லை.

மணிக்கட்டு சுடுவது அன்றோடு நின்றது. விறைப்பு நிற்கவில்லை. இடது கையில் சில வாரங்களில் குறைந்து போனது, வலது கையில் தொடர்ந்தது. மட்டக்களப்பில் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் காட்டி நரம்புக் கடத்தல் சோதனை செய்ததில், வலது மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டிருப்பது தெரிந்தது. துணியை ஆண்டுக்கணக்கில் மடித்து அழுத்தியதாலும் அது வரும். ஸ்வீடனில் இதே மெஷினில் வேலை செய்தவர்களை ஆராய்ந்தபோது கை விறைப்பும் விரல் நுனி உணர்வுக் குறைவும் மற்றவர்களைவிட அதிகம் இருந்தது, அங்கேயும் கைவேலையின் பங்கு எவ்வளவு, புலத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது லேசாக இருக்கவில்லை. எல்லாவற்றையும் கதிர்வீச்சின் தலையில் கட்டியிருந்தால் அக்காவுக்குச் சிகிச்சை தள்ளிப் போயிருக்கும். எல்லாம் கைவேலைதான் என்று விட்டிருந்தால் சுடுவது நின்றிருக்காது. இப்போது இரவில் மணிக்கட்டுப் பட்டி கட்டுகிறார், வேலையில் ஒரு மணி நேரம் மெஷின், ஒரு மணி நேரம் வெட்டும் மேசை என்று மாறுகிறார்.

இளைஞனின் விரல் நுனியில் ஒரு சின்னப் பள்ளம் மிஞ்சியது. தங்கச்சிக்குக் குழந்தை சுகமாகப் பிறந்தது. இதை வைத்து மெஷினால் ஒன்றும் ஆகாது என்று யாரும் சொல்ல வேண்டாம், ஒரு பிரசவம் எதையும் நிரூபிக்காது. அவர் மனது அமைதியாக இருந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அடுத்த சீசனுக்கு முன் திரும்ப அளந்தபோது ஒரு மூலையில் செப்புப் பட்டை பச்சை பிடித்துக் கிடந்தது. கடற்கரைக் காற்று. அந்தப் பக்கம் மட்டும் புலம் 90இலிருந்து 140க்கு ஏறியிருந்தது. சுரண்டி இறுக்கியதும் திரும்பிவிட்டது. வெளியால் பார்த்தால் பட்டை பூட்டியபடியே இருந்தது, அளக்காவிட்டால் தெரிந்திருக்காது.

அடுத்த பட்டறையில் மாற்றிச் செய்வது

பட்டனைப் பின்னால் தள்ளுவதும் மரக் கட்டை கொடுப்பதும் முதல் நாளே, மீற்றர் வருவதற்கு முன்பே செய்யக் கூடியவை. காசும் இல்லை, கேடும் இல்லை. இங்கே அளவுக்காகக் காத்திருந்த நாட்களில் அக்கா அதே இடத்தில் நின்றார். இனி எங்கே போனாலும் அதைத்தான் முதலில் செய்வேன், அளப்பது அதற்குப் பிறகு.

இதயத்தில் பேஸ்மேக்கர், எலும்பில் உலோகத் தகடு வைத்தவர்கள் யாரும் உண்டா என்று வேலையாட்களிடம் மட்டும் கேட்டோம். வீட்டோடு ஒட்டிய பட்டறையில் வீட்டாரிடமும், ஓடர் கொடுக்க வந்து மெஷின் பக்கத்தில் நின்று கதைக்கிற வாடிக்கையாளரிடமும் கேட்க வேண்டும். இப்போது வாசலில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். காப்பு, மோதிரம், உலோகச் சட்டக் கண்ணாடி கழற்றுவதும் அதில் இருக்கிறது.

செப்புப் பட்டைக்குத் தகரப் பூச்சுக் கொடுக்க வேண்டும், அல்லது இணைப்பில் கிரீஸ் பூசிக் காற்றுப் படாமல் மூட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கழற்றிச் சுத்தம். உப்புக் காற்றுள்ள நம் கரையோரத்தில் அது போதுமா என்பதை வரும் பெரும்போகத்துக்கு முன் அளந்து பார்த்துச் சொல்கிறோம் என்று முதலாளியிடம் ஒத்துக்கொண்டிருக்கிறோம். அதற்கான திகதியை அவர் மெஷின் உடம்பிலேயே பெயின்ட்டால் எழுதி வைத்திருக்கிறார்.

பழைய மெஷின் வாங்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மறைப்பு கழற்றியிருக்கிறதா, துளை தெரிகிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த மறைப்பையும் சேர்த்துக் கேளுங்கள், அது விற்கிறவரின் குப்பைக்குள்தான் எங்கேயோ கிடக்கும்.